கதவில் தொங்கிய பச்சை அட்டை

அக்‌ஷயாவின் அம்மா சிவமலர் பத்து வருடமாக மற்றவர்களின் படுக்கையை விரித்துக்கொண்டிருந்தார். சூரிச்சில் ஒரு ஹோட்டலில் அவருக்கு அறை துப்புரவாக்கும் வேலை. ஒரு நாளைக்குப் பதினாறு அறை. பத்தாவது வருடம் முடிந்த அன்று ஹோட்டல்காரர்கள் ஒரு பூங்கொத்தும் ஒரு கடிதமும் கொடுத்தார்கள். குடும்பத்தோடு ஒரு வாரம் டெனெரீஃப் என்ற தீவுக்குப் போய், கடற்கரை ஹோட்டல் ஒன்றில் தங்கலாம் என்று கடிதத்தில் எழுதியிருந்தது.

அப்பா அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"பத்து வருசத்துக்கு ஏழு நாள்," என்றார்.

"சும்மா தாறதுக்கும் ஏனப்பா பிழை சொல்லுறியள்?" என்று அம்மா கேட்டார்.

"சும்மா ஒருத்தரும் ஒண்டும் தாறேல்லை. பின்பக்கத்திலை ஏதும் எழுதியிருக்கோ எண்டு பாத்தனான்."

பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை.

அக்‌ஷயாவுக்குப் பதினொரு வயது. சூரிச்சுக்குப் பக்கத்திலுள்ள ஷ்லீரனில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். ஒவ்வொரு விடுமுறை முடிந்ததும் வகுப்பில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, எங்கே போனோம் என்று சொல்லவேண்டும். ஒருவன் கிரேக்கம் என்பான். ஒருத்தி துருக்கி என்பாள். அக்‌ஷயாவின் முறை வந்தால், "ஊஸ்டர். மாமா வீடு," என்பாள். ஊஸ்டர் ரயிலில் அரை மணி நேரம். அதைப் பற்றி யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை.

இந்த முறை சொல்ல ஒரு தீவு இருந்தது. அதுவும் எரிமலைத் தீவு.

ஒக்டோபர் விடுமுறையில் போனார்கள். விமான யன்னலால் பார்த்தபோது கடலுக்கு நடுவே ஒரு பெரிய மலை தெரிந்தது. அந்த மலை ஒரு காலத்தில் துப்பிய நெருப்புத்தான் ஆறிக் கல்லாகித் தீவாகக் கிடந்தது. கடற்கரை மணல்கூடக் கறுப்பு.

"ஆரோ கரியைக் கொட்டிப்போட்டினம்," என்றாள் சரணியா. அவள் அக்‌ஷயாவின் தங்கை. ஆறு வயது. தெரியாத விஷயத்தையும் தெரிந்ததுபோலத்தான் சொல்லுவாள்.

ஹோட்டலில் இரண்டாம் மாடியில் 212ஆம் அறை கிடைத்தது. அப்பா யன்னலைத் திறந்து கடலைப் பார்த்தார். சரணியா கட்டிலில் ஏறிக் குதித்தாள். அம்மா கதவுச் சட்டத்துக்கு மேலே ஒரு விரலை வைத்து இழுத்துப் பார்த்தார். விரலில் தூசி இல்லை.

"வேலை தெரிஞ்ச ஆள்தான்," என்றார்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா வழக்கம்போல ஐந்து மணிக்கு எழும்பினார். அக்‌ஷயா கண் விழித்தபோது அறை பளபளவென்று இருந்தது. அப்பாவின் கிழிந்த பெனியனால் அம்மா தண்ணீர்க் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். துவாய்கள் மும்மடிப்பாக, ஓரம் வெளியே தெரியாமல் அடுக்கியிருந்தன. கட்டிலும் விரித்தாயிற்று. சரணியா இன்னும் அதற்குள்ளேதான் நித்திரை. அம்மா அவளைச் சுற்றியே விரிப்பை இழுத்துச் செருகியிருந்தார். தலை மட்டும் தபால் உறையிலிருந்து எட்டிப் பார்க்கும் கடிதம்போல வெளியே தெரிந்தது.

"என்னம்மா செய்யிறியள்? நாங்கள் லீவிலை வந்திருக்கிறம்."

"நீ லீவிலை வந்திருக்கிறாய். இஞ்சை அறை துடைக்கிற பிள்ளை லீவிலையோ நிக்கிறாள்?"

அம்மா குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"கேள் பிள்ளை. நான் ஒரு அறைக் கதவைத் திறக்கேக்கை, உள்ளுக்கு எல்லாம் முதலே வடிவா இருந்தால் எனக்கு மூண்டு நிமிசம் மிச்சம். இப்பிடி விளிம்பிலை குந்தியிருந்து பிளாஸ்கிலை இருக்கிற தேத்தண்ணியைக் குடிப்பன். பத்து வருசத்திலை ஒரு பத்துத் தரம் அப்பிடிக் கிடைச்சிருக்கும். இந்தப் பிள்ளைக்கு நான் அதை ஒவ்வொரு நாளும் குடுக்கப்போறன்."

மூன்று நிமிடம் ஒரு பெரிய பரிசா என்று அக்‌ஷயா நினைத்தாள்.

பத்து மணிக்கு அந்தப் 'பிள்ளை' வந்தார். முப்பது வயதிருக்கும். சட்டையில் மாயா என்று பெயர் குத்தியிருந்தது. தள்ளுவண்டியை வாசலில் விட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கட்டிலைப் பார்த்தார். துவாயின் மடிப்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

அம்மா தன்னைச் சுட்டிக்காட்டி, "சூரிச். ஹோட்டல். நானும்," என்று ஜெர்மன் மொழியில் சொன்னார்.

மாயாவுக்கு விருந்தாளிகளிடம் பொறுக்கிய கொஞ்ச ஜெர்மன் தெரியும். அவரும் கடல் கடந்து, கொலம்பியாவிலிருந்து வேலைக்கு வந்தவர்தான். குப்பைக் கூடையை மட்டும் வெறுமையாக்கிவிட்டு, சரணியாவின் கையில் ஒரு சின்னச் சவர்க்காரத்தை வைத்துவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம்தான் அக்‌ஷயா அந்த அட்டையைக் கண்டாள். மேசை லாச்சியை இழுத்துத் திறந்தபோது உள்ளே கிடந்தது. பச்சை நிறம். நடுவில் ஒரு இலை. அதன் கீழே ஐந்து மொழிகளில் எழுதியிருந்தது. அவள் ஜெர்மனை வாசித்துத் தமிழில் சொன்னாள்.

"நாளைக்கு எங்கடை அறையைத் துப்புரவாக்க வேண்டாமாம். தண்ணியும் சவர்க்காரமும் மிச்சமாம். பூமி எங்களுக்கு நன்றி சொல்லுதாம். பின்னேரம் ஆறு மணிக்கு முதல் கதவிலை கொழுவினால், காலைமை ரெண்டு ஐஸ்கிரீம் கூப்பன் தருவினமாம்."

"பூமியோ தரும்?" என்று சரணியா கேட்டாள்.

"ஹோட்டல் தரும்."

அப்பா அட்டையை வாங்கிப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கேயும் இலைதான்.

"கொழுவு, கொழுவு," என்றார் அம்மா. "அந்தப் பிள்ளைக்கு ஒரு முழு அறை குறையும்."

அக்‌ஷயா கொழுவினாள். பள்ளிக்கூடத்தில் போன வருடம் தண்ணீரைச் சேமிப்பது பற்றிப் படம் கீறி ஒட்டியவள் அவள். பூமிக்கும் நல்லது, மாயாவுக்கும் நல்லது, ஐஸ்கிரீமும் உண்டு. இப்படி எல்லாப் பக்கமும் நல்லதாக ஒன்று வந்தால் கொஞ்சம் சந்தேகப்படவேண்டும். பதினொரு வயதில் யார் சந்தேகப்படுகிறார்கள்?

திங்கட்கிழமை காலை கதவுக்குக் கீழே இரண்டு கூப்பன்கள் கிடந்தன. கடற்கரைக் கடையில் சரணியா மாம்பழ ஐஸ்கிரீம் எடுத்தாள். அக்‌ஷயா எலுமிச்சை எடுத்தாள். அப்பா பக்கத்திலிருந்த உணவுக்கடையின் குசினியை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சூரிச்சில் ஒரு உணவகத்தில் சமையல் வேலை செய்கிறவர்.

"அவன் சட்டி காயமுதல் முட்டையை ஊத்துறான்," என்று வேதனையோடு சொன்னார்.

அம்மா வரவில்லை. யன்னல் கண்ணாடியில் உப்புப் படிந்திருக்கிறதாம். துடைத்துவிட்டு வருகிறேன் என்றவர் அன்று முழுக்க வரவில்லை.

கடையில் ஒரு பையன் நின்றான். யானிக் என்று பெயர். 217ஆம் அறை. எங்கிருந்து வந்தாய் என்று அக்‌ஷயா ஜெர்மனில் கேட்டாள்.

"உனக்குத் தெரியாத இடம். ஊஸ்டர்."

"ஊஸ்டரா? உங்கள் ஏரிக்கரையில் எத்தனை வாத்து என்றுகூட எனக்குத் தெரியும்."

இரண்டு பேரும் சிநேகிதமானார்கள். உனக்கு எப்படி ஐஸ்கிரீம் சும்மா கிடைத்தது என்று யானிக் கேட்டான். அக்‌ஷயா அட்டையைப் பற்றிச் சொன்னாள். யானிக் 215இல் இருந்த இரட்டைச் சகோதரிகளுக்குச் சொன்னான். அவர்கள் 208க்குச் சொன்னார்கள். அக்‌ஷயா வீடுவீடாகப் போகிறவள்போல இரண்டாம் மாடி முழுக்கக் கதவைத் தட்டினாள். "வணக்கம். உங்கள் மேசை லாச்சியில் ஒரு பச்சை அட்டை இருக்கிறது," என்று அழகாகச் சொன்னாள். பெரியவர்கள் அவள் தலையைத் தடவினார்கள். ஒரு வயதான ஜெர்மன்காரர், "இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள்," என்றார்.

அந்த மாடியில் மொத்தம் பதினெட்டு அறை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் அக்‌ஷயா விறாந்தையின் ஒரு முனையில் நின்று எண்ணினாள். பதின்மூன்று கதவில் பச்சை இலை. ஒரு தோட்டம் வைத்தவள்போல அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

புதன்கிழமை காலை அவள் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு பின்படியால் ஏறி வந்தாள். அது வேலையாட்கள் போய்வரும் படி. பிள்ளைகளுக்கு அது குறுக்குவழி.

படியில் மாயா உட்கார்ந்திருந்தார். வேலைச் சட்டை இல்லை. வீட்டிலிருந்து வந்த உடுப்போடு, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டிருந்தார். மணி பத்தரைதான்.

"இன்றைக்கு வேலை இல்லையா?" என்று அக்‌ஷயா கேட்டாள்.

"ஐந்து அறை. முடிந்தது. பஸ் இரண்டு மணிக்கு." மாயா உடைந்த ஜெர்மனில் சொன்னார். "இருக்கிறேன்."

"அப்படியென்றால் நல்லதுதானே? ஓய்வெடுக்கலாம்."

மாயா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு சொல்லலாம் என்று அளந்து பார்த்தார்.

"இங்கே அறைக்குத்தான் ஆள். அறை குறைந்தால் ஆளும் குறையும். மேற்பார்வைக்காரி காலையில் சொன்னார். நாளைக்கும் இப்படி என்றால் இரண்டு மாடிக்கு ஒரு ஆள் போதும். நான் வெள்ளியிலிருந்து வரவேண்டாம்."

"ஏன் அறை குறைந்தது?"

மாயா விரலால் தன் உள்ளங்கையில் ஒரு வடிவம் கீறிக் காட்டினார். அது ஒரு இலை.

அக்‌ஷயா அசையவில்லை. ஐஸ்கிரீம் உருகி மணிக்கட்டால் வழிந்து முழங்கைக்குப் போனது. அதைத் தின்னவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை.

"உன் அம்மா நல்லவர்," என்றார் மாயா. "அவர் விரிக்கும் படுக்கை என்னுடையதைவிட நல்லது. ஆனால் எனக்கு அது வேண்டாம்."

அக்‌ஷயா படி ஏறி ஓடினாள். அம்மா அறையில் நின்று, தொட்டியின் துவாரத்துக்குள்ளே துணி போகவில்லை என்று ஒரு பழைய பற்தூரிகையால் உரஞ்சிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அதை நிப்பாட்டுங்கோ."

அக்‌ஷயா எல்லாவற்றையும் சொன்னாள். கதவு கதவாகத் தட்டியதையும் சொன்னாள். அம்மா பற்தூரிகையைக் கையில் வைத்தபடியே தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார்.

"எங்களுக்கு அங்கை மணித்தியாலக் கணக்கு," என்றார். "அறை முதலே துப்புரவா இருந்தாலும் எங்கடை மணித்தியாலம் எங்களுக்குத்தான். இவைக்கு அறைக் கணக்கெண்டு எனக்கு யோசினை வரேல்லை. பத்து வருசம் இதே வேலையைச் செய்தும் வரேல்லை." பற்தூரிகையைக் கீழே வைத்தார். "நான் அவளுக்கு மூண்டு நிமிசம் குடுக்கிறன் எண்டெல்லோ நினைச்சன்."

அம்மா அழவில்லை. அழுதிருந்தால் அக்‌ஷயாவுக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் வெளியே போய்த் தன் கதவிலிருந்த அட்டையைக் கழற்றினாள். இனிப் பன்னிரண்டு.

"நாங்களே எல்லாத்தையும் கழட்டி எறிவம்," என்றாள் சரணியா. "எல்லாரும் கடலிலைதானே நிக்கினம்."

அக்‌ஷயா 218ஆம் கதவு வரை போனாள். அட்டையில் கையையும் வைத்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

"அது அவையின்ரை கதவு. கேட்டுத்தான் கழட்டவேணும்."

"கேட்டால் தரமாட்டினம்."

"தராட்டிலும் கேக்கவேணும். கொழுவச் சொல்லிக் கேட்டது நான்தானே."

முதலில் யானிக்கிடம் போனாள். அவன் கடற்கரையில் குழி தோண்டிக்கொண்டிருந்தான். கேட்டுவிட்டு முகத்தைச் சுழித்தான்.

"நீதானே பூமிக்கு நல்லது என்றாய்?"

"ஓம். சொன்னேன்."

"இப்போது பூமி என்ன ஆவது?"

அக்‌ஷயா இதை யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தாள். "துவாயைத் தோய்க்கவேண்டாம் என்று சொல். அதைக் காயப்போட்டு ஒரு வாரமும் அதையே பயன்படுத்து. தண்ணீர் மிச்சம். ஆனால் ஆளை உள்ளே விடு. கூட்டுவதற்குப் பூமி ஒன்றும் சொல்லாது."

யானிக் மண்வெட்டியை ஊன்றி நின்று யோசித்தான்.

"அப்படியென்றால் ஐஸ்கிரீம்?"

"இல்லை."

"ஒன்றுகூட?"

"ஒன்றுகூட இல்லை."

அவன் பெருமூச்சு விட்டான். பிறகு எழும்பி, ஒரு வாளி கறுப்பு மணலைத் தூக்கிக்கொண்டு நடந்தான். எங்கே போகிறாய் என்று அக்‌ஷயா கேட்டாள். அறை அழுக்காக இல்லாவிட்டால் அப்பா அட்டையைக் கழற்றமாட்டார் என்று அவன் சொன்னான். அவள் பின்னால் ஓடிப் பிடிப்பதற்குள் பாதி வாளி மணலை 217இன் நடுவில் கொட்டிவிட்டான். யானிக்கின் அப்பா போட்ட சத்தம் விறாந்தை முழுக்கக் கேட்டது. அட்டையை அவரே பிடுங்கி எடுத்தார்.

"இதை நாளைக்கு மாயா அல்லவா கூட்டவேண்டும், விசரா?" என்றாள் அக்‌ஷயா. கடைசிச் சொல் மட்டும் தமிழில் வந்தது.

இரண்டு பேரும் முழந்தாளில் இருந்து அரை மணி நேரம் மணல் பொறுக்கினார்கள். எரிமலை மணல் லேசில் போகாது.

இரட்டைச் சகோதரிகள் உடனே கழற்றினார்கள். 208இல் ஒரு பையன், "எனக்கு அந்தப் பெண்ணைத் தெரியாதே," என்றான். "எனக்கும் ஞாயிற்றுக்கிழமை வரை தெரியாது," என்றாள் அக்‌ஷயா. அவன் கொஞ்சம் யோசித்துக் கழற்றினான். 218இல் ஒரு பெண் அவள் சொன்னதை முழுதாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "நாங்கள் விடுமுறையில் இருக்கிறோம், செல்லம்," என்று கதவைச் சாத்தினாள். தலையைத் தடவிய அந்த ஜெர்மன்காரர் இந்த முறை தலையைத் தடவவில்லை. "நேற்று ஒன்று சொன்னாய், இன்று ஒன்று சொல்கிறாய்," என்றார். அவர் சொன்னது சரிதான். அட்டை அங்கேயே தொங்கியது.

ஆறு மணிக்கு மேற்பார்வைக்காரி கையில் டேப்லெட்டோடு வந்து கதவுகளை எண்ணிக்கொண்டு போனார். அக்‌ஷயா முதலே எண்ணிவிட்டாள். பதின்மூன்றில் ஒன்பது அட்டைகள் இறங்கியிருந்தன. நான்கு மட்டும் மிச்சம். அப்படியென்றால் மாயாவுக்கு நாளைக்குப் பதினாலு அறை.

வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்கு அம்மா எழும்பினார். கை தன்பாட்டில் விரிப்பைத் தேடிப் போனது. விரிப்பின் மற்ற முனையை அக்‌ஷயா பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"கையை எடுங்கோ."

"ஒரு மூலை மட்டும், பிள்ளை."

"வேண்டாம்."

"இப்பிடிப் போட்டுட்டுப் போனால் அவள் என்னை என்னெண்டு நினைப்பாள்?"

"லீவிலை வந்த ஆள் எண்டு நினைப்பா."

அம்மா குழம்பிக் கிடந்த கட்டிலைப் பார்த்தார். நிலத்தில் கிடந்த துவாயைப் பார்த்தார். மற்றவர்கள் இப்படிப் போட்டுவிட்டுப் போவதைப் பத்து வருடமாகத் திட்டியவர் அவர். இப்போது அவரே அப்படிப் போட்டுவிட்டு வெளியே போகவேண்டும். கதவைச் சாத்தும்போது யாரும் கண்டுவிட்டார்களோ என்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

ஐந்து நாளில் அன்றுதான் அம்மா முதன்முதலாகக் கடற்கரைக்கு வந்தார்.

"இதென்ன, ஊத்தை மணல்," என்றார்.

"ஊத்தை இல்லை. மலை துப்பினது," என்றாள் சரணியா.

"துப்பினதெண்டால் ஊத்தைதானே," என்றார் அப்பா.

அம்மா மணலில் துவாயை விரித்தார். நான்கு மூலையையும் இழுத்துச் சரி செய்தார். உட்கார்ந்தார். மறுபடி எழும்பி ஒரு மூலையைச் சரி செய்தார். அக்‌ஷயா அவர் கையைப் பிடித்துக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அம்மா முழங்கால் வரை இறங்கி நின்றார். அங்கே மடிக்கவும் துடைக்கவும் ஒன்றும் இல்லை. அலை ஒவ்வொன்றும் வந்து தன்னைத்தானே சரி செய்துகொண்டு போனது. அவர் ஒரு மணி நேரம் அப்படியே நின்றார்.

திரும்பி வந்தபோது விறாந்தையில் தள்ளுவண்டி நின்றது. மாயா வேலைச் சட்டையோடு வெளியே வந்தார். அக்‌ஷயாவைக் கண்டதும் பெருவிரலை உயர்த்தினார்.

"வெள்ளி வரலாம். சனியும் வரலாம்," என்றார். பிறகு விரலைக் கூரைப் பக்கம் காட்டினார். "மேலே வேலை செய்தவள் வரமாட்டாள். மூன்றாம் மாடியில் இலை அதிகம். இரண்டு மாடியையும் இனி நான்தான் பார்க்கவேண்டும்."

அக்‌ஷயா மேலே போய்ப் பார்த்தாள். மூன்றாம் மாடியில் பன்னிரண்டு இலை. அவள் இரண்டாம் மாடியை மட்டுமே நினைத்திருந்தாள். மேலேயும் ஒரு மாடி உண்டு, அங்கேயும் ஒருத்தி வேலை செய்கிறாள் என்பது அவள் தலைக்குள் வரவேயில்லை. அந்தப் பெண்ணை அவள் ஒருநாளும் கண்டதில்லை. இனிக் காணவும் போவதில்லை.

அறையில் கட்டில் விரித்திருந்தது. அம்மா முதல் வேலையாக விரிப்பின் மூலையைத் தூக்கிப் பார்த்தார்.

"சரியாத்தான் மடிச்சிருக்கிறாள்."

அம்மா சூரிச் ஹோட்டலில் பழகிய அந்த மும்மடிப்பில், ஓரம் வெளியே தெரியாமல், கட்டிலின் மேல் நான்கு துவாய்கள் இருந்தன. மாயா அதைப் பார்த்துப் பழகியிருந்தார். அம்மா அந்தத் துவாய்களை அன்று பாவிக்கவில்லை. ஈரத் தலையோடேயே இருந்தார்.

சனிக்கிழமை ஷ்லீரனுக்குத் திரும்பினார்கள். திங்கட்கிழமை அம்மா வேலைக்குப் போனார். மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். சப்பாத்தைக் கழற்றாமல் குசினி மேசையில் ஒரு அட்டையை வைத்தார்.

பச்சை அட்டை. நடுவில் ஒரு இலை.

"நாங்கள் இல்லாத கிழமை கொண்டுவந்தினமாம். அறை குறைஞ்சால் மணித்தியாலமும் குறையுமாம். இண்டைக்கு எனக்கு ஏழு அறைதான்."

அப்பா அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"சூரிச்சிலையும் ஐஸ்கிரீம் குடுப்பினமோ?" என்று சரணியா கேட்டாள்.

"இல்லை. இஞ்சை கோப்பி," என்றார் அம்மா. பிறகு சிரித்தார். சிரிப்பதைத் தவிர அங்கே வேறு ஒன்றும் செய்வதற்கு இல்லை.

அக்‌ஷயா அந்த அட்டையை எடுத்துப் புத்தகப் பைக்குள் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். அவள் முறை வந்தது. "டெனெரீஃப்," என்றாள். பத்துப் பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். எரிமலையைப் பற்றிக் கேட்டார்கள். எரிமலை பெரிது, மணல் கறுப்பு என்று இரண்டு வரியில் சொல்லி முடித்தாள். பிறகு பச்சை அட்டையை எடுத்து நடுவில் வைத்தாள்.

"நாங்களும் ஹோட்டலில் இதைக் கொழுவுவோம். இது நல்லது," என்றாள் ஒருத்தி.

"நானும் அப்படித்தான் நினைத்தேன்," என்றாள் அக்‌ஷயா. "பதின்மூன்று கதவில் நான்தான் கொழுவ வைத்தேன்."

அவள் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். படியில் மடியில் பையோடு இருந்த மாயாவைச் சொன்னாள். தான் காணாத மூன்றாம் மாடிப் பெண்ணைச் சொன்னாள். கடைசியில் அம்மாவின் ஏழு அறையையும் சொன்னாள். அம்மா என்ன வேலை செய்கிறார் என்று வகுப்பில் அவள் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

ஆசிரியை அட்டையை எடுத்துப் பார்த்து, இலைப் படத்தைக் கீழ்ப்புறமாக வைத்தார்.

"அடுத்த தடவை ஹோட்டலுக்குப் போனால் துவாயை மட்டும் காயப்போட்டுவிட்டு, ஆளை உள்ளே விடுகிறவர்கள் யார்?" என்று அக்‌ஷயா கேட்டாள்.

கைகள் மெல்ல மெல்ல உயர்ந்தன. அவள் எண்ணினாள். பதினாறு.

கை உயர்த்துவது சுலபம். பாதிப் பேர் கோடை விடுமுறை வருவதற்குள் மறந்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். மிச்சம் எட்டு. எட்டு அறை என்றால் அம்மாவின் நேற்றைய ஏழைவிட ஒன்று அதிகம்.